டேங்க் என்ற சொல் நம் கரைக்குத் திரும்பிய கதை

(காஞ்சிபுரம் அருகே ஐயங்கார்குளத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவன். ஆறாம் வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதினேன். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. டேங்க். "இதுக்கு அர்த்தம் எழுத வேண்டாம், படமா வரைஞ்சு காட்டுங்க" என்றேன்.

பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் மொட்டைமாடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை வரைந்தார்கள். மூடி, குழாய், மேலே சின்டெக்ஸ் என்ற எழுத்து, எதுவும் விட்டுப்போகவில்லை. சிலர் ஊர் நடுவே தூண்கள்மேல் நிற்கும் குடிநீர்த் தொட்டியை வரைந்தார்கள். நாலைந்து பையன்கள் குண்டு வீசும் ராணுவ வண்டியை வரைந்து, எதிரே நெருப்பும் போட்டிருந்தார்கள். மெக்கானிக் ஒருவரின் மகன் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கை அதன் வளைவு மாறாமல் வரைந்திருந்தான். ஒரே ஒரு பெண் மட்டும் ஒரு நீண்ட கோடு போட்டு, அதன்மேல் மூன்று பனைமரம், கோட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர், தண்ணீரில் ஒரு நாரை என்று வரைந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "அது ஏரிடி, டேங்க் இல்ல." அவள் உடனே ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு தொட்டியை வரையத் தொடங்கினாள். நான் அவள் பெஞ்சுக்குப் போவதற்குள் நாரை போய்விட்டது. பனைமரத்தின் தடம் மட்டும் இருந்தது.

ஏன் அப்படி வரைந்தாய் என்று கேட்டேன். "தாத்தாகிட்ட ஒரு பழைய மேப் இருக்கு சார். அதுல எங்க ஏரி மேல டேங்க்குன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு" என்றாள்.

அந்த வகுப்பில் வரைந்த எல்லாப் படங்களும் சரியானவைதான். ஆனால் அந்தப் பெண் அழித்த படம்தான் எல்லாவற்றிலும் மூத்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதன்முதலில் எழுதப்பட்டபோது அதன் பொருள் பிளாஸ்டிக் தொட்டியும் இல்லை, போர் வண்டியும் இல்லை. இந்தியாவில் மழைநீரைத் தேக்கி வைத்த ஒரு நீர்நிலை. அந்த ரப்பர் என் மனத்தை விட்டுப் போகவே இல்லை. இன்று இந்த ஊரில், இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில், அந்த நான்கெழுத்துச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் பிறப்பைப் பார்ப்போம்.

ஆங்கிலேயர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்து இங்கே வியாபாரத்துக்கு வந்தது 1600ஐ ஒட்டி. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அவர்களுடைய எழுத்தில் டேங்க் என்ற சொல் வந்துவிடுகிறது. எங்கிருந்து வந்தது? இரண்டு பதில்கள் உண்டு. குஜராத்தியில் டாங்கி, டாங்கு என்ற சொற்கள் இருக்கின்றன, மராத்தியில் டாங்கே. ராஜஸ்தானத்தில் டாங்கா என்றால் வீட்டு முற்றத்துக்குக் கீழே மழைநீரைச் சேமிக்கும் நிலவறைத் தொட்டி. பாலைவனத்து மக்கள் இன்றும் அதைக் கட்டுகிறார்கள். சூரத்தில் இறங்கிய ஆங்கில வியாபாரி அங்கே கேட்ட சொல்லை எடுத்துக்கொண்டான் என்பது ஒரு பதில்.

இரண்டாவது பதில் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வருகிறது. அங்கே தாங்க்கே என்ற சொல் உண்டு. ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துவது என்ற பொருளுள்ள வினைச்சொல்லின் வழியில் வந்தது அது. போர்ச்சுகீசியர் 1498லேயே கோழிக்கோட்டில் வந்து இறங்கியவர்கள். நம்முடைய ஜன்னல், அலமாரி, சாவி, பாதிரி எல்லாம் அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள். நமக்கே இத்தனை சொற்களைக் கொடுத்தவர்கள் ஆங்கிலேயருக்கு ஒன்றைக் கொடுத்திருக்க மாட்டார்களா?

ஹென்றி யூல், ஏ.சி. பர்னல் என்ற இருவர் சேர்ந்து ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுத்தார்கள். 1886ல் வெளிவந்தது, ஹாப்சன்-ஜாப்சன் என்று அதற்குப் பெயர். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். புத்தகம் அச்சாகி வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே காலமாகிவிட்டார். டேங்க் என்ற சொல்லுக்கு வந்ததும் அந்த அகராதியே தயங்குகிறது. இந்தியத் தாய் ஒருத்தி, ஐரோப்பியத் தாய் ஒருத்தி, இரண்டு பேருக்கும் பிறந்த பிள்ளைபோல இருக்கிறது என்ற முடிவுக்குத்தான் வருகிறது. பின்னால் வந்த அறிஞர்களும் இதைத் தீர்த்துவிடவில்லை. குஜராத்திச் சொல்லே போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். தனித்தனியாக இருந்த இரண்டு சொற்கள் ஒரே ஒலியோடும் ஒரே பொருளோடும் இந்தியாவின் மேற்குக் கரையில் சந்தித்துக்கொண்டன என்பதே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. இரண்டு ஓடைகள் ஒரே ஏரியில் வந்து விழுவதை நாம் பார்க்காததா?

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார் என்று எனக்குத் தெரியும். "ஐயா, நம்ம தாங்கல்தானே டேங்க் ஆச்சு?" வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்களிலேயே அந்தச் சொல் இருக்கிறது. தண்ணீரைத் தாங்கி நிற்பது தாங்கல். ஒலி பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது. எனக்கும் அந்த ஆசை இருந்தது. இளைஞனாக இருந்தபோது மேடையிலேயே அப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது பேச மாட்டேன். தாங்கல் தொண்டை மண்டலத்துச் சொல். போர்ச்சுகீசியர் முதலில் பழகியது மலையாளக் கரையில். அங்கே அவர்கள் காதில் விழுந்திருக்கக்கூடியவை குளமும் சிறையும். தாங்கல் அவர்கள் வாய்க்குப் போன தடம் எதுவும் எழுத்தில் இல்லை. இரண்டு பேர் முகச்சாயல் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகப் பங்காளி என்று பத்திரம் எழுத முடியாது. தமிழுக்குப் பெருமை சேர்க்க வேண்டுமென்று பொய் உறவு தேட வேண்டியதும் இல்லை. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குப் போனதற்குச் சாட்சி இருக்கிறது. அதைவிடப் பெரிய சாட்சி ஒன்றும் நம் ஏரிக்கரையிலேயே இருக்கிறது. சிறிது நேரத்தில் வருகிறேன்.

ஆனால் ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இலங்கைத் தமிழர்கள் டேங்க் என்பதை என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்கி என்று ஆக்கிக்கொண்டார்கள். நீர்த்தாங்கி, எண்ணெய்த் தாங்கி. திருகோணமலையில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பெரிய எண்ணெய்க் கொள்கலன்களை அங்கே பத்திரிகைகள் எண்ணெய்த் தாங்கிகள் என்றும் எழுதுகின்றன. வந்த விருந்தாளிக்கு நம் வேட்டியைக் கட்டி உட்கார வைத்ததுபோல. பிறப்பில் இல்லாத உறவைப் பழக்கத்தில் உண்டாக்கிக்கொண்டார்கள். அது எனக்கு மிகவும் பிடிக்கிறது.

சொல் இங்கிலாந்துக்குப் போன பிறகு வேறு வாழ்க்கை தொடங்குகிறது. அங்கே மழை ஆண்டு முழுவதும் பெய்கிறது. கரை போட்டுத் தேக்கும் தேவை அவர்களுக்கு அதிகம் இல்லை. அதனால் சொல்லின் பொருள் சுருங்கி, நான்கு பக்கமும் அடைத்த, தண்ணீரோ எண்ணெயோ வைக்கும் கலன் என்று ஆனது. பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இந்தப் பொருள் வந்துவிட்டது. பிறகு கப்பலில் டேங்க், ரயில் இன்ஜினில் டேங்க், மோட்டாரில் டேங்க், மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி. அமெரிக்காவில் நீச்சல் குளத்துக்கும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். அங்கே நீந்தப் போட்ட உடுப்பிலிருந்துதான் கையில்லாத பனியனுக்கு டேங்க் டாப் என்ற பெயர் வந்தது. கூடி யோசிக்கும் அறிஞர் குழுவுக்குத் திங்க் டேங்க். அதற்கும் முன்னால் அதே சொல்லைக் கொச்சையில் மனிதனுடைய மூளைக்குச் சொல்லிவந்தார்கள்.

போர் வண்டிக்கு வருவோம், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். முதல் உலகப்போரில் பிரான்சில் இரண்டு பக்கமும் பதுங்குகுழி தோண்டி, முள்வேலி போட்டு, எந்திரத் துப்பாக்கி வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் ஓர் அடி முன்னேற முடியவில்லை. குழியையும் வேலியையும் ஏறிக் கடக்கும் ஓர் இரும்பு வண்டி வேண்டும் என்று 1915 பிப்ரவரியில், அப்போது கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு குழுவை அமைத்தார். அதற்குத் தரைக்கப்பல் குழு என்று பெயர். லிங்கன் நகரத்தில் விவசாய இயந்திரங்கள் செய்துவந்த தொழிற்சாலையில் வண்டி உருவானது. எதிரிக்குத் தெரியக் கூடாது. தொழிலாளிக்கும் தெரியக் கூடாது. தரைக்கப்பல் என்று வெளியில் சொன்னால் எல்லாம் கெட்டது. மெசபொடேமியாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று சொல்லி வைத்தார்கள். அது நம்பும்படியாகவே இருந்தது. ஏனென்றால் இன்றைய இராக்கான அந்த மெசபொடேமியாவில், அந்த வெயிலில், உண்மையாகவே போர் நடந்துகொண்டிருந்தது; அங்கே பிரிட்டன் பக்கம் போரிட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்.

1915 டிசம்பரில் எர்னஸ்ட் ஸ்விண்டன் என்ற அதிகாரியும் அவருடைய சக அதிகாரியும் உட்கார்ந்து அதற்கு ஒரு மறைபெயர் தேடினார்கள். சிஸ்டர்ன், ரிசர்வாயர், கன்டெய்னர் என்று யோசித்தார்கள். எல்லாமே நீர் வைக்கும் கலனுக்கான சொற்கள்தான். கடைசியில் சின்னதாக, வாயில் நிற்பதாக இருக்கட்டும் என்று டேங்க்கை எடுத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் அவை முதன்முதலாக இறங்கின. அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மறைப்பதற்கு வைத்த பெயரே நிலைத்த பெயராகிவிட்டது. ரஷ்யர்களும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். நம் பத்திரிகைகள் டாங்கி என்று எழுதுகின்றன.

அந்த வண்டிகள் பிறகு நம்மிடமே வந்தன. ஆவடியில் இருக்கும் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் விஜயந்தா டாங்கிகள் தயாராயின. பின்னால் அர்ஜுனும் அங்கேதான். நம் நாட்டுத் தண்ணீரிலிருந்து கிளம்பிய சொல் இரும்பாக மாறி, ஏரிகள் சூழ்ந்த ஆவடியில் வந்து நின்றிருக்கிறது.

சரி, இனி நம் கரைக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததும் இதுதான்.

வெள்ளைக்கார அதிகாரி செங்கல்பட்டு ஜில்லாவைக் குதிரையில் சுற்றி வந்தபோது எங்கு பார்த்தாலும் தண்ணீரைப் பார்த்தான். எல்லாவற்றையும் டேங்க் என்று எழுதினான். ஏரியும் டேங்க், சித்தேரியும் டேங்க், தாங்கலும் டேங்க், குட்டையும் டேங்க், கோயில் குளமும் டேங்க். தெற்கே போனான், ராமநாதபுரத்துக் கண்மாயும் டேங்க், ஊருணியும் டேங்க். இலங்கைக்குப் போனான், அங்கே தமிழர் குளம் என்பதும் சிங்களவர் வெவ என்பதும் அவனுக்கு டேங்க்தான்.

நமக்கு அவை ஒன்றா? ஏரி பயிருக்கு. வயலுக்கு மேட்டில் கரை போட்டு, மழையையும் கால்வாய் நீரையும் பிடித்து, மதகு வழியாக ஆயக்கட்டு நிலத்துக்கு விடுவது. தாங்கல் அதைவிடச் சிறியது. குட்டை மாட்டுக்கு. நம் பக்கத்தில் குளம் என்றால் குளிக்கவும் கோயிலுக்கும். திருநெல்வேலியிலும் குமரியிலும் இலங்கையிலும் அதே சொல் வயலுக்குப் பாயும் நீரைக் குறிக்கும். தென்மாவட்டத்து ஊருணி குடிக்க. அங்கே மாட்டைக் குளிப்பாட்டினால் ஊர் கூடிக் கேட்கும். ஒரு நீர்நிலையின் பெயரைச் சொன்னாலே அதில் யார் இறங்கலாம், எந்த மாதம் திறக்கலாம், யார் தூர் வார வேண்டும் என்பது வரை தெரிந்துவிடும். இவ்வளவும் சேர்ந்து பதிவேட்டில் ஒரே சொல்லாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள், கண்மாய்கள் என்று இன்று கணக்குச் சொல்கிறார்கள். ஆங்கில அறிக்கையில் அவை அத்தனையும் டேங்க்.

அந்த அதிகாரிகளைக் குறை மட்டுமே சொல்வது நியாயமில்லை. 1790களில், அன்று ஜாகீர் என்று அழைக்கப்பட்ட இந்தச் செங்கல்பட்டுப் பகுதிக்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரிக்கரையைப் பழுதுபார்த்தவர். கரை உடையாமல் காத்தது ராமர்தான் என்று அவரே நம்பியதாக ஏரிகாத்த ராமர் கோயிலில் இன்றும் கதை சொல்கிறார்கள். தாயார் சந்நிதிக் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. வேடந்தாங்கலில் பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798ல் ஊராருக்குக் கௌல் என்ற உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். பறவை எச்சம் கலந்த அந்தத் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது நம் குடியானவர்களுக்குத் தெரிந்திருந்தது; அதை அவர் கேட்டுக்கொண்டார். கேட்டவர்கள் கற்றார்கள்.

நான் முன்னால் சொன்ன பெரிய சாட்சி இங்கேதான் இருக்கிறது. அந்த இன்ஜினீயர்கள் ஏரியை டேங்க் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் ஏரி எப்படி வேலை செய்கிறது என்று எழுத உட்கார்ந்தபோது அவர்களுடைய மொழி கைகொடுக்கவில்லை. நிரம்பி மிஞ்சும் நீர் வழிந்து போகும் கலங்கலைக் கலிங்குலா என்று எழுதினார்கள். ஹாப்சன்-ஜாப்சனில் அது தனிச் சொல்லாகவே இருக்கிறது. ஆயக்கட்டு அப்படியே அயக்கட் ஆனது. அணைக்கட்டு அனிக்கட் ஆனது. இன்றும் டெல்லியில் நீர்ப்பாசனம் பற்றி ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பஞ்சாபியோ வங்காளியோ அயக்கட் என்ற சொல்லை எழுதுகிறார். அது காஞ்சிபுரத்துக் குடியானவன் வாயிலும் இருக்கும் சொல் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. பாத்திரத்தின் பெயர் வெளியிலிருந்து வந்தது. அதை ஆளும் அறிவின் பெயர் நம்மிடமிருந்து போனது.

பெயரில் ஒரு மதிப்பும் ஒளிந்திருக்கிறது. ஊட்டியில் 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடைகளை மறித்துத் தண்ணீர் தேக்கினார். கொடைக்கானலில் 1863ல் அப்படியே ஒன்றை உண்டாக்கினார்கள். இரண்டும் மனிதன் கட்டியவை. கட்டிய முறையைப் பார்த்தால் நம் ஏரியேதான். ஆனால் வெள்ளைக்காரர் படகு விட்ட நீர் என்பதால் அவை லேக். ஆயிரம் ஆண்டாக வயலுக்குப் பாய்ந்த நம்முடையது டேங்க். செம்பரம்பாக்கம் பழைய ஆவணங்களில் டேங்க். சென்னை அதைக் குடிக்கத் தொடங்கியபின் லேக். சென்னையிலேயே லாங் டேங்க் என்று நீளமாக ஓர் ஏரி இருந்தது. 1923ஐ ஒட்டி அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். இப்போது நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, கரை இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க ஏரி இல்லை.

2019 ஜூலையை நினைத்துப் பாருங்கள். இங்கிருந்து சிறிது தூரத்தில், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகு அத்தி வரதர் எழுந்தருளினார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம். ஆங்கிலப் பத்திரிகைகள் டெம்பிள் டேங்க் என்று எழுதின. அதே ஜூலையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. லேக் என்று ஆன பின்னும் அவற்றைச் சில செய்திகள் டேங்க் என்றே எழுதின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதுவும் டேங்க் வேகன். தெருவில் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு வரிசை. வெளிநாட்டில் உட்கார்ந்து அந்த மாதத்துச் செய்திகளைப் படித்த ஒருவருக்கு, தெய்வம் இருந்த நீர் எது, வறண்ட நீர் எது, வண்டியில் வந்த நீர் எது என்று எப்படிப் புரிந்திருக்கும்? நமக்கு அவை மூன்றும் ஒன்றோடு ஒன்று தொடர்புள்ளவை. ஏரியைக் காப்பாற்றாததால் ரயில் வந்தது.

உத்திரமேரூருக்கு ஒருமுறை போய் வாருங்கள் என்று நான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரைக் குடும்பு என்ற 30 பகுதிகளாகப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்து, வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்ற விதிகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதைக் குறைவாகத்தான் பேசுகிறோம். ஆறு பேர். 360 நாள் பதவி. அந்த ஊரின் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் என்று பெயர். தூர் வாருவதற்குப் பொன் கொடுத்து வைத்தவர்களின் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. கல்வெட்டு அறிஞர்கள் ஏரி வாரியத்தை ஆங்கிலத்தில் டேங்க் கமிட்டி என்று மொழிபெயர்த்தார்கள். வேறு வழி இல்லை. ஆனால் அதைப் படிக்கும் இன்றைய கல்லூரி மாணவன் மனத்தில் ஒரு மொட்டைமாடித் தொட்டியும் அதைச் சுற்றி ஆறு பேரும்தான் வருவார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாரியம் என்ற சொல் சாகவில்லை. மின்வாரியம் என்கிறோம். 1971ல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ஏற்பட்டது. ஊருக்கு ஊர் தூண்கள்மேல் தொட்டி எழும்பியதற்கு அந்த வாரியம் ஒரு முக்கியக் காரணம். அரசு அதை மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி என்று எழுதுகிறது. நாம் டேங்க் என்கிறோம். ஆயிரம் ஆண்டில் வாரியம் என்ற சொல் நிலைத்தது, ஏரி டேங்க் ஆனது. முன்பு ஏரிக்கு நீர்க்கட்டி இருந்தார், கம்புக்கட்டி இருந்தார். மதகைத் திறப்பதும் அடைப்பதும், கடைமடை வயல்வரை நீர் போய்ச் சேருகிறதா என்று இரவில் மண்வெட்டியோடு பார்ப்பதும் அவர்கள் வேலை. களத்தில் நெல்லாகக் கூலி அளப்பார்கள். இன்று பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர் இருக்கிறார். காலையில் மோட்டார் போடுகிறார், வால்வு திறக்கிறார். அவரும் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் மனிதர்தான். அவருக்கு என் வணக்கம். வீட்டு வாசலில் குழாயில் தண்ணீர் வருவதால் எத்தனை பெண்களின் இடுப்புவலி தீர்ந்தது என்று எனக்குத் தெரியும், என் தாயாரைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அந்த மேல்தொட்டிக்குப் போகும் தண்ணீர் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. அந்தக் கிணற்றுக்கு ஊற்றுக் கொடுப்பது பெரும்பாலும் பக்கத்து ஏரி. கீழே இருக்கும் டேங்க் மேடாகிப் போனால் மேலே இருக்கும் டேங்க் எத்தனை நாள் நிரம்பும்?

சொல்லைப் பற்றிப் பேச வந்தவர் ஏன் இதற்குள் போகிறார் என்று நினைக்காதீர்கள். ஒரு சொல்லுக்குச் சட்டம் என்ன பொருள் வைக்கிறது என்பதில் ஓர் ஏரியின் உயிர் இருக்கிறது. 2007ல் தமிழ்நாட்டில் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் ஒரு சட்டம் வந்தது. ஆங்கிலத் தலைப்பில் இருக்கும் சொல் டேங்க்ஸ். நல்ல சட்டம். ஆனால் அது யாருக்கு என்று முகப்பிலேயே சொல்லிவிடுகிறது: பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் ஏரிகளுக்கு. நூறு ஏக்கர், அதாவது 40 ஹெக்டேர், அதற்கு மேல் ஆயக்கட்டு உள்ளவைதான் பொதுவாக அந்தத் துறையிடம் இருந்தன. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்து ஏரிகள். எண்ணிக்கையில் அவையே அதிகம். நம் தாங்கலும் சித்தேரியும் குட்டையும் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் சொல்லுக்குள் வரவில்லை. எல்லாவற்றையும் டேங்க் என்று அள்ளிக்கொண்ட அதே சொல், காப்பாற்ற வேண்டிய இடத்தில் பெரியதை மட்டும் பிடித்துக்கொண்டு சிறியதைக் கைவிட்டது.

எனக்கே ஒருமுறை நேர்ந்தது. ஒரு கிராமத்தின் குட்டையைப் பற்றி மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். மனுவில் குட்டை என்று எழுதியிருந்தோம். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே வேறு சொல் இருந்தது. "நீங்க சொல்றது ரெக்கார்டுல இல்லையே" என்றார்கள். அந்தக் குட்டையில் குளித்து வளர்ந்த எழுபது வயதுக்காரர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் பேச்சற்று நின்ற அந்த நிமிடம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இந்த ஊருக்கு வருகிறேன். விஜயநகரக் காலத்தில் லட்சுமிகுமார தாதாச்சாரியார் என்ற பெரியவர் இந்த நீரை உண்டாக்கினார், அதனால்தான் ஐயங்கார்குளம் என்று பெயர் வந்தது என்பது நம் மரபு. அந்த நாளில் இதைத் தாத சமுத்திரம் என்றார்கள். வெட்டியவர்கள் சமுத்திரம் என்று மனம் விரிந்து பெயர் வைத்தார்கள். ஊரார் குளம் என்று அன்பாகச் சுருக்கினார்கள். ஆங்கிலத்தில் ஐயங்கார்குளம் டேங்க் என்று எழுதுகிறார்கள். குளத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் ஒரு குளம். வேடந்தாங்கல் லேக் என்பதும் அப்படித்தான். அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. எழுதுபவருக்கு முதல் பாதி புரியவில்லை, அவ்வளவுதான். நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

சஞ்சீவிராயர் கோயிலுக்கு அருகே இருக்கும் நடவாவிக் கிணற்றை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். படி இறங்கி நடந்து போகும் கிணறு. சித்திரா பௌர்ணமிக்கு முன் தண்ணீரை இறைத்துவிடுகிறார்கள். பௌர்ணமி இரவில் காஞ்சி வரதர் அந்தப் படிகளில் இறங்கி உள்ளே மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். வாவி என்ற அந்தச் சொல் வடமொழி வாபியிலிருந்து வந்தது. குஜராத்தில் அப்படிப்பட்ட படிக்கிணற்றை வாவ் என்கிறார்கள்; அதே சொல். மட்டக்களப்பில் வாவி என்றால் கடலோடு கலக்கும் உப்பங்கழி. டேங்க் என்ற சொல்லை ஆங்கிலேயன் காதில் போட்டிருக்கக்கூடிய நாடு என்று எந்தக் குஜராத்தைச் சொன்னேனோ, அந்தக் குஜராத்தின் வாவும் நம் நடவாவியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இந்த உறவுக்குச் சாட்சி இருக்கிறது. பிள்ளைகள் வரைந்த அந்த மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டியும் குஜராத்தின் கலோலில் பிறந்ததுதான்.

ஒரு வேண்டுகோளோடு உட்காருகிறேன். கொஞ்ச நாளாக நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். போகும் ஊர்களிலெல்லாம் அங்கே இருக்கும் ஒவ்வொரு நீர்நிலையின் பெயரையும், பதிவேட்டுப் பெயரை அல்ல, ஊரார் வாயில் இருக்கும் பெயரை எழுதிக்கொள்கிறேன். மதகுகளுக்கும் பெயர் உண்டு. பல ஊர்களில் ஒவ்வொரு மதகையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இன்று காலை இங்கே கரைமேல் நடந்தேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஒரு சின்னப் பள்ளத்தைக் காட்டி, "அதுக்கு ஒரு பேர் சொல்லுவாங்க தம்பி, எங்க மாமியார் சொல்லுவாங்க, வாயில வரமாட்டேங்குது" என்றார். நோட்டில் அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் யாருக்காவது அந்தப் பெயர் தெரிந்தால், கூட்டம் கலைவதற்குள் வந்து சொல்லுங்கள். பேனா திறந்தே இருக்கிறது.